உடப்புக் கரையில் ஒரு பாரதப் பாடம்

"படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நூலைக் கற்றலும் நூலின்வழி நிற்றலும் வெவ்வேறு என்பதை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. சமய நூல்களை நாம் யாது கருதிப் படிக்கின்றோம்? சிலர் பரீட்சை கருதிப் படிக்கின்றனர்; சிலர் புண்ணியம் கருதிப் படிக்கின்றனர்; வேறு சிலர், வீட்டிலே பொருள் பெருகும் என்னும் நம்பிக்கையாற் படிக்கின்றனர். இம்மூன்றாம் வகையினர் தொகை இந்நாளிற் பெருகி வருகின்றது. கைத்தொலைபேசியைத் திறந்த மாத்திரத்தே, "இப்பாராயணத்தை நாற்பத்தெட்டு நாள் ஓதுக; கடன் தீரும்; செல்வம் கொழிக்கும்" என்று உறுதி கூறும் குரல்கள் பல கேட்கின்றன.

செல்வத்தை விரும்புதல் குற்றமன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப் பொருள்களை நான்காக வகுத்த நம் பெரியோர், பொருளுக்கும் அவற்றுள் ஓர் இடம் அளித்தனர். ஆயின், நூலானது வளத்தைத் தருமா, தருமெனின் எவ்வழியாகத் தரும் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே, ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், ஒரு மீனவர் ஊர் இவ்வினாவுக்கு விடை கூறிக்கொண்டே இருக்கின்றது.

கடல் மறுத்த காலத்துக் கதை

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியிலே, பத்துளுஓயாச் சந்தியில் மேற்கு நோக்கித் திரும்பினால் உடப்பு என்னும் ஊரை அடையலாம். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் களப்பும் வாய்க்காலும். சிங்கள மக்களும், கத்தோலிக்கரும், முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே, தமிழையும் இந்து சமய மரபையும் கைவிடாது காத்துவரும் ஊர் அது. தம் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தோர் என்பது அவ்வூர் மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி.

பார்த்தசாரதியும் திரௌபதையம்மனும் எழுந்தருளியிருக்கும் ஆலயம் அவ்வூரின் நடுநாயகம். ஆடி மாதத்திலே அங்கு பதினெட்டு நாள் விழா நடைபெறும். பாரதப் போர் நிகழ்ந்த பதினெட்டு நாட்களை நினைவூட்டுவது அவ்விழா. பாரதக் கதையை ஓதியும் கேட்டும் மக்கள் அந்நாட்களைக் கழிப்பர். விழாவின் முடிவிலே தீமிதிப்பு நிகழும். அதைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளுவர்.

ஈண்டு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். மேற்குக் கரையிலே கரைவலைத் தொழில் செழிக்கும் காலம் ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையான மாதங்கள். வைகாசி தொட்டுத் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும். கடல் கொந்தளிக்கும், வலை வளைத்தல் இயலாது, கையிருப்புக் கரையும், கடன் தலை தூக்கும். இத்தகைய வறண்ட காலத்தின் நடுவிலேதான் ஆடி விழா வருகின்றது. கடல் நிறையத் தரும்போது அன்று, அது தர மறுக்கும் வேளையிலே அவ்வூர் பாரதத்தைச் செவிமடுக்கின்றது. நாடிழந்து காடேகியோரின் கதையைக் கேட்பதற்கு இதனினும் பொருத்தமான காலம் வேறுண்டோ?

பாரதம் படிக்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள கூரம் என்னும் ஊரிலே கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டிலே பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், கோயில் மண்டபத்திலே பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் கூறுகின்றது. நம் நாட்டின் கிழக்குக் கரையிலே, பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்திலும் பதினெட்டு நாள் விழாவும், வனவாசமும், தவநிலையும், தீமிதிப்பும் இன்றளவும் நிகழ்கின்றன. ஒரே கதை இரு கரைகளிலும் ஓதப்படுவது நமக்குப் பெருமை தருவதாம்.

தமிழ் மக்கள் பாரதத்தைப் பெரிதும் அறிந்தது வில்லிபுத்தூரார் வாயிலாக. அவரது நூல் பத்துப் பருவங்களையும், நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையும் உடையது. அதன் ஆரணிய பருவத்தின் இறுதியிலே மூன்று சருக்கங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன: துருவாச முனிச் சருக்கம், பழம் பொருந்து சருக்கம், நச்சுப் பொய்கைச் சருக்கம். இவற்றுள் முதலாவது ஒரு பாத்திரத்தைப் பற்றியது. இரண்டாவது ஒரு கனியைப் பற்றியது. மூன்றாவது ஒரு நீர்நிலையைப் பற்றியது. வளம் என்பது யாது, அதை அடைவதற்கு மனிதன் தன்னுள்ளே எவ்வாறு மாறவேண்டும் என்பதை இம்மூன்று கதைகளும் படிப்படியாக உணர்த்துகின்றன.

கடைசியில் உண்டவளின் பாத்திரம்

சூதிலே யாவற்றையும் தோற்றுக் காட்டுக்குப் புறப்பட்ட தருமனை அந்தணர் பலர் பின்தொடர்ந்தனர். அரசிழந்த துயரினும், தன்னை நம்பி வந்தோர்க்குச் சோறிட இயலவில்லையே என்னும் துயரே அவனை வாட்டிற்று. தௌமிய முனிவரின் அறிவுரைப்படி அவன் ஞாயிற்றை வழிபட்டு ஒரு பாத்திரத்தைப் பெற்றான். அதுவே நாம் அட்சய பாத்திரம் என்று போற்றுவது.

அப்பாத்திரத்தை எல்லோரும் அறிவர். அதன் நிபந்தனையை நினைப்போர் சிலரே. விருந்தினர் உண்பர், பின் தம்பியர் உண்பர், பின் தருமன் உண்பான், யாவர்க்கும் படைத்தபின் திரௌபதி உண்பாள். அவள் உண்டு முடித்ததும் அன்றைக்கு அது வெறும் பாத்திரமாகிவிடும். ஆகவே, அதன் வற்றாத தன்மை உலோகத்திலே இருந்ததன்று; பரிமாறும் முறையிலே இருந்தது. படைப்பவள் பசி பொறுத்து நிற்கும் வரையில் அது நிறைந்தே இருந்தது. அவள் முதலில் உண்டிருப்பாளாயின், அட்சய பாத்திரத்துக்கும் அடுப்படியிலுள்ள சட்டிக்கும் வேறுபாடு இராது.

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்று நாம் சொல்லுவோம். உலக நடைக்கு அது பொருந்தும் உண்மை. பாரதமோ, அகப்பை பிடித்த கை எத்தகையது என்பதையும் நோக்குக என்கின்றது. செல்வம் வேண்டி அட்சய பாத்திரப் படத்தைச் சுவரிலே மாட்டுவோர், தருமன் அதனைத் தன் பொருட்டு வேண்டவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

துரியோதனன் ஏவலால் துருவாச முனிவர் பதினாயிரம் மாணாக்கரோடு வந்தபோது திரௌபதி உண்டு முடித்திருந்தாள். அவள் கண்ணனை நினைந்தாள். வந்த கண்ணன் அவளுக்குப் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. "எனக்கும் பசிக்கின்றது, ஏதேனும் தா" என்னும் கருத்தையே கூறினான். பாத்திரத்தின் ஓரத்திலே ஒட்டியிருந்த கீரையையும் பருக்கையையும் அவன் உண்ண, நீராடச் சென்ற முனிவர்களின் பசி அடங்கியது என்பது கதை. ஆசிரியர் ஒருவர் இதற்கு எத்தனையோ தத்துவம் கூறலாம். எளிய பொருள் ஒன்று உண்டு: உள்ளதை ஒளியாது எடுத்துக் கொடுத்தவிடத்தே குறை நிறைவாயிற்று.

பசித்தவனை நோக்கி "மனத்தை நிறைத்துக்கொள், வயிறு தானே நிறையும்" என்று சொல்லுதல் நூலின் கருத்தாகாது என்பதையும் இக்கதையே காட்டுகின்றது. 2022ஆம் ஆண்டு நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்த வேளையிலே, ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிற்று. இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் பலவும் மண்ணெண்ணெயால் இயங்குவன. அத்தகைய நாளிலே மீனவன் வீட்டு வறுமைக்கு அவனது உள்ளத்தைக் காரணங் காட்டுதல் கொடுமை. விலையும் விதியும் அரசின் கொள்கையும் வேறு. அவற்றை நேராக்க வேறு வழிகள் உண்டு. நூல் கற்பிப்பது, உள்ளதொரு கவளம் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதை.

கடற்கரை மக்கள் இதனை நூலில் மட்டும் அறிந்தவரல்லர். கரைவலையை ஒருவர் இருவரால் இழுத்தல் இயலாது. இரு தலைக்கயிறுகளையும் இரு வரிசையாகப் பற்றி, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்துப் பலர் இழுத்தால்தான் மடி கரை சேரும். கிடைத்ததை விற்றுச் செலவு கழித்து, எஞ்சியதை வலையுடைய சம்மாட்டியும் இழுத்தவர்களும் பங்கிட்டுக்கொள்ளுவர். பங்கு நேராயிருக்கும் வரையில் அடுத்த நாளும் கயிற்றைப் பற்றக் கைகள் வரும். பங்கிலே வஞ்சம் புகுந்தால், கடலில் மீன் இருந்தும் கரையில் வலை இழுக்க ஆள் இராது.

இதே மாவட்டக் கரையில் நிகழ்ந்த ஒரு செய்தியை ஈண்டு நினைத்தல் தகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே, வடமாகாண முஸ்லிம் மக்கள் 70,000 பேரளவில் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பகுதியிலிருந்து படகேறியோர் பலர் கற்பிட்டிக் கரையிலே வந்திறங்கினர். எடுத்து வந்த பொருள் மிகச் சொற்பம். புத்தளப் பகுதி மக்கள் தம் உணவையும் இருப்பிடத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டனர். பின்னர் ஆண்டுகள் பல நீடித்த நெருக்கடியும், நிலத்துக்கும் தொழிலுக்குமான போட்டியும் மெய்யே. எனினும், முதல் நாட்களிலே வந்தோர்க்குச் சோறிட்ட கைகள் பெரும்பாலும் எளியோரின் கைகள். அவர்கள் ஓதிய மறை குர்ஆன். பாத்திரத்தின் நிபந்தனை எம்மறையிலும் ஒன்றே போலும்!

மெய்யினால் ஒட்டிய கனி

இரண்டாவது கதை வியாசர் பாரதத்தில் இல்லாதது. தமிழ் மக்கள் பெரிதும் போற்றுவது. காட்டிலே ஒரு நெல்லிக் கனியைக் கண்டு திரௌபதி விரும்ப, அருச்சுனன் அதனை எய்து வீழ்த்தினான். பின்னரே, அது ஒரு தவமுனிவருக்கு உணவாகவேண்டிய கனி என்பது தெரியவந்தது. முனிவர் வருமுன் கனி மீண்டும் கிளையில் ஒட்டவேண்டும். கண்ணன் வந்து வழி கூறினான்: ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சிலுள்ளதை ஒளியாது கூறுக. தருமன் கூறினான், வீமன் கூறினான், மற்றைத் தம்பியரும் கூறினர். ஒவ்வொரு மெய்க்கும் கனி சிறிது சிறிதாக மேலே எழுந்தது. இறுதியிலே திரௌபதி, பெண்ணொருத்தி பிறர்முன் சொல்லத் துணியாத தன் உள்ளத்து மறைவை வெளியிட்டாள். கனி கிளையிலே பொருந்திற்று.

வில்லினால் வீழ்ந்த கனியை வில்லினால் ஒட்ட இயலவில்லை. பெருவீரன் அருச்சுனன் கையில் காண்டீபம் இருந்தது. அது வீழ்த்த வல்லது, ஒட்ட வல்லதன்று. சிதைந்ததைப் பொருத்தும் ஆற்றல் மெய்ம்மைக்கு மட்டுமே உரியது. அம்மெய்ம்மையும் பிறர் குற்றத்தைக் கூறும் மெய்ம்மையன்று. தன் நெஞ்சைத் தானே திறக்கும் மெய்ம்மை. ஒருவர் சொல்லி மற்றவர் மறைத்திருப்பின் கனி பாதி வழியிலே நின்றிருக்கும்.

இல்லறத்தார் இக்கதையைத் தம் வீட்டோடு பொருத்திப் பார்ப்பாராக. பல குடும்பங்களிலே வறுமையினும் கொடியது மறைவு. கணவன் வாங்கிய கடனை மனைவி அறியாள். மனைவி அடகு வைத்த நகையைக் கணவன் அறியான். மகன் பரீட்சையில் தவறியதைத் தந்தை அறியார். வட்டிக்குமேல் வட்டி வளர்வது போன்று, பொய்க்குமேல் பொய் வளர்கின்றது. வீட்டார் யாவரும் ஒருநாள் மாலை விளக்கேற்றியபின் அமர்ந்து, உள்ள வரவையும் உள்ள கடனையும் ஒளியாது கூறுவாராயின், அன்றே கடன் தீர்ந்துவிடாது; ஆயின் அன்றே அது வளர்வது நிற்கும். "பாராயணம் ஓதினால் கடன் தீரும்" என்பதற்கு இவ்வாறு பொருள் கொள்ளின் நானும் அதனை ஒப்புக்கொள்ளுவேன்.

மாணவர்க்கும் இதில் பாடமுண்டு. விளங்காத கணக்கை விளங்கியதாகக் காட்டி அயலவன் கொப்பியைப் பார்த்தெழுதுபவன், கனியைக் கயிற்றினாற் கட்டி வைப்பவனை ஒப்பான். "ஐயா, எனக்கு இது விளங்கவில்லை" என்று எழுந்து நின்று சொல்லும் மாணவனிடத்தே கனி ஒரு முழம் மேலெழுகின்றது.

கேள்விக்கு முன்னே குடித்தவர்கள்

மூன்றாவது, நச்சுப் பொய்கையின் கதை. வியாசர் கூறும் முறையில் இதனை நோக்குவாம். நீர் வேட்கையால் வாடிய பாண்டவர்களுள் ஒருவன் பின் ஒருவனாகப் பொய்கைக்குச் சென்றனர். "என் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே பருகுக" என்று ஒரு குரல் தடுத்தது. நால்வரும் அதனைப் பொருட்படுத்தாது பருகி வீழ்ந்தனர். தருமன் ஒருவனே நாவறண்டு நின்றபோதும், வினாக்கள் யாவற்றுக்கும் விடையிறுத்தான். "உன் தம்பியருள் ஒருவனை எழுப்புவேன்; யார் வேண்டும்?" என்று இயக்கன் கேட்டபோது, தன் தாய் குந்தியின் மக்களை விடுத்து, சிற்றன்னை மாத்திரியின் மகன் ஒருவனை வேண்டினான். குந்திக்குத் தான் ஒரு மகன் உளன். மாத்திரிக்கும் ஒருவன் வேண்டாவோ என்பது அவன் கருத்து. அந்நடுநிலைமைக்காக நால்வரும் உயிர் பெற்றனர்.

இக்கதையை ஓதும்போது, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட நீர்நிலைகளை நினையாதிருத்தல் இயலாது. 1980ஆம் ஆண்டுகளில் இங்கே இறால் வளர்ப்புப் பெருகியது. குறுகிய காலத்திலே பெரும்பொருள் ஈட்டலாம் என்று பலரும் முனைந்தனர். களப்போரத்துக் கண்டற் காடுகளும் சதுப்பு நிலங்களும் வெட்டித் திருத்தப்பட்டுக் குளங்களாயின. ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தும் களப்புகளிலிருந்தும் நீரை எடுத்தனர். கழிவு நீரையும் அவற்றினுள்ளேயே விட்டனர். ஒருவர் குளத்தின் கழிவே அடுத்தவர் குளத்துக்கு நீராயிற்று. 1996ஆம் ஆண்டளவில் வெண்புள்ளி நோய் பரவியபோது, அது குளத்துக்குக் குளம் தாவிற்று. பலர் முதலை இழந்தனர். பல குளங்கள் கைவிடப்பட்டன. வெட்டிய கண்டற் காடு எளிதில் மீளவில்லை. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் தொட்டிலாக அக்காடே இருந்தது என்பதைப் பலர் காலந் தாழ்த்தியே உணர்ந்தனர்.

இறால் வளர்த்தல் பாவமென்று கூற வரவில்லை. முறையோடு செய்து இன்றும் அதனாற் பிழைப்போர் பலர் உளர். பொய்கையின் நீரைப் பருகலாகாது என்று இயக்கனும் சொல்லவில்லை. முதலில் விடை கூறுக என்றே சொன்னான். "இந்நீர் யாருடையது? நான் எடுத்தபின் அடுத்தவனுக்கு எஞ்சுவது யாது? நான் விடும் கழிவு எங்கே செல்லும்?" இவ்வினாக்கள் தொழில் தொடங்குமுன் கேட்கப்பட வேண்டியவை. கேள்விக்கு முன்னே குடித்தவர்க்குப் பொய்கை நச்சாயிற்று. விடை கூறிய பின் பருகியவனுக்கு அதே நீர் அமிழ்தாயிற்று. வளம் பெறுதற்கு நூல் காட்டும் வழி இதுவே: வேட்கைக்கும் செயலுக்கும் இடையே ஒரு வினாவை நிறுத்துதல்.

தீயைக் கடத்தல்

பாத்திரம் ஈதலைக் கற்பித்தது. கனி மெய்யைக் கற்பித்தது. பொய்கை நடுநிலைமையைக் கற்பித்தது. இம்மூன்றையும் கேட்ட மக்கள் இறுதியிலே பூக்குழியின் முன் வந்து நிற்கின்றனர். நோன்பு காத்து, உணவைக் குறைத்து, ஆசைகளை ஒடுக்கி நின்றோரே தீயில் இறங்குவர் என்பது மரபு. புறத்தே காண்போர்க்கு அது வியப்புக்குரிய காட்சி. உண்மையிலே அது ஒரு முடிவுரை. பல நாள் கேட்ட கதை காதோடு நின்றதா, கால்வரை இறங்கியதா என்று ஒருவன் தன்னையே வினவிக்கொள்ளும் இடம் அது.

ஆயின், தீ மிதித்துத் திரும்பியவன் மறுநாள் கள்ளத் தராசு பிடிப்பானாயின், அவன் கால்கள் தீயைக் கடந்தன, நெஞ்சு கடக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும். தீ மிதியாத ஒருத்தி, தன் பங்கு உணவை அயல்வீட்டுக் குழந்தைக்கு ஈந்து நீர் பருகிப் படுப்பாளாயின், அவள் நாள்தோறும் பூக்குழி இறங்குகின்றாள். உள்மாற்றம் என்பது இதுவன்றி வேறில்லை.

வீட்டிலே எவ்வாறு படிப்பது?

நம் முன்னோர் புராண படனத்துக்கு ஒரு நல்ல முறையை வகுத்திருந்தனர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். கேட்போர் எழுத்தறியாதவராயினும் பொருளறிந்தனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார்; பின்னர்ப் பெரியபுராணத்தை வசனமாக எழுதி அச்சிட்டார். ஏட்டிலும் கோயிலிலும் இருந்த நூல், வீட்டுத் திண்ணைக்கு வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) பகவத்கீதைக்குத் தமிழில் உரை கண்டதோடு அமையாது, மத்தேயு, யோவான் ஆகியோரின் சுவிசேஷங்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். தன் மறையைத் தன்னை நோக்கிப் படித்தவனுக்குப் பிறர் மறையும் அந்நியமாய்த் தோன்றாது என்பதற்கு அவர் தக்க சான்று.

இன்று செய்யுளைச் சந்தி பிரித்து இராகத்தோடு வாசிக்க வல்லோரும், தடையின்றிப் பயன் சொல்ல வல்லோரும் அருகி வருகின்றனர். ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் அவர்களுக்கு ஈடாகா. பதிவு செய்த குரலை நிறுத்தி, "அவள் ஏன் கடைசியில் உண்டாள்?" என்று ஒரு குழந்தை கேட்டல் இயலாது. கேள்வி கேட்க இடமில்லாத படிப்பு, நாளடைவில் மந்திர உச்சாடனமாக மாறிவிடும். பின் அது பொருள் தரும் மந்திரமாக விலை பேசப்படும்.

ஆகவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகின்றேன். வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம் போதும். பாரதமாயினும், கந்தபுராணமாயினும், கீதையாயினும், உங்கள் வீட்டிலுள்ள நூல் எதுவாயினும் ஆகுக. ஒரு சிறு பகுதியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றொருவர் தம் சொல்லிலே பொருள் கூறட்டும். வாரந்தோறும் வாசிப்பவரும் பொருள் கூறுபவரும் முறை மாறட்டும். தாத்தா வாசிக்கப் பேத்தி பயன் சொல்லலாம். முடிவிலே மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இவ்வாரம் நம் வீட்டிலே யார் கடைசியில் உண்டார்? நாம் ஒருவருக்கொருவர் மறைத்தது யாது? யாருடைய நீரைக் கேளாது பருகினோம்?

முதல் வினாவுக்கு விடை பெரும்பாலும் "அம்மா" என்பதாகவே இருக்கும். அவ்விடையைக் கேட்டபின் ஒரு வீடு அதுவரை இருந்தபடி இருத்தல் அரிது. மகன் எழுந்து அகப்பையைத் தன் கையில் வாங்குவானாயின், நூல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அறிக. அவ்வீட்டில் பொன் மழை பொழியும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். கடன் உடனே தீரும் என்றும் சொல்லேன். ஆயின் அவ்வீட்டுச் சோறு யாவர்க்கும் போதும். விருந்தினர் ஒருவர் எதிர்பாராது வந்தால் அவருக்கும் போதும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது உழவர் வாக்கு. கடல் வலையை மறுக்கும் அம்மாதத்திலே, உடப்பு மக்கள் காதின் வழியாக நெஞ்சிலே விதைக்கின்றனர். காற்றுத் தணிந்து கடல் மீண்டும் வலையை ஏற்கும் நாளில், கயிற்றைப் பற்றும் கைகளுக்கு அவ்விதை முளைத்திருத்தல் வேண்டும். மடி நிறைய மீன் வருவது கடலின் செயல். வந்ததை நேரே பங்கிடுவது நம் செயல். நூல் நம்மிடம் கேட்பது இப்பின்னையதையே.